ஏழாம் நம்பர் சொன்ன பாதி

மார்ச் 4, செவ்வாய்

பழைய கட்டடத்துக் காவலருக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை போனைப் பட்டென்று வைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனால் இனி எழுதுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே டிஸ்க் பெட்டி எடுத்துப் போகிற வேனில் இதையும் போட்டுவிடுகிறேன். டிரைவர் நம் ஆள்தானே, பிரித்துப் படிக்க மாட்டார்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை நடந்த கூத்துக்கு எனக்கு மெமோ வந்துவிட்டது. மாசக் கடைசி, பதினோரு ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனையும் ஒரே நேரத்தில் வந்து குவிகிற நாள். இங்கே இருபத்தெட்டு, அங்கே உங்களிடம் பன்னிரண்டு என்று நாற்பது கம்ப்யூட்டர் மெஷின்கள் இருக்கும்போது, அத்தனை வேலையும் உங்கள் அறையின் ஏழாம் நம்பர் மேல் போய் விழுந்து, காலை பத்தேகாலிலிருந்து மதியம் இரண்டேகால் வரை ஒரு ரிப்போர்ட்கூட வெளியே வரவில்லை. ஆபரேஷனுக்காக முந்தின நாளிலிருந்து பட்டினி கிடந்த ஒரு பெண்மணியை, ரிப்போர்ட் வராததால் திரும்பப் படுக்கைக்கே அனுப்பிவிட்டார்களாம். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருந்தாலும் அந்தப் பட்டினி என் தலையில்தான் விழுந்திருக்கிறது.

மெமோவில் இரண்டு கேள்வி. வேலையைப் பங்கிடுகிற ப்ரோக்ராமை எழுதியவள் நான்; அது ஏன் ஒரே மெஷினின் தலையில் எல்லாவற்றையும் கட்டியது? இரண்டாவது, அந்த நாலு மணி நேரமும் நான் ஏன் என் இடத்தில் இல்லை? இருபத்தாறாம் தேதி விசாரணை. பதில் சரியில்லை என்றால் என்னை மெஷின் பக்கமே விட மாட்டார்கள், ஃபைல் அடுக்குகிற பிரிவில் உட்கார வைத்துவிடுவார்கள். பதினாறு வருஷம் இதற்காகத்தான் படித்துப் படித்து எழுதினேனா என்று இருக்கிறது.

ஏழாம் நம்பரை அன்றைக்கே நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டதால் இங்கிருந்து அதற்குள் பார்க்க முடியவில்லை. அதன் டிஸ்க்கைக் கழற்றி வெள்ளிக்கிழமைப் பெட்டியில் அனுப்புங்கள். அன்று அது நிமிஷத்துக்கு நிமிஷம் என்ன சொன்னது என்று அதில் பதிவாகியிருக்கும்.

மாமா நன்றாக இருக்கிறார். குட்டிக்குப் பரீட்சை பன்னிரண்டாம் தேதி ஆரம்பம். இங்கே வேறு ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டுக்காரி

*

மார்ச் 7, வெள்ளி

மேஸ்திரியம்மாவுக்கு,

உன் ப்ரோக்ராமுக்கு 'மேஸ்திரி' என்று பேர் வைத்தது நான்தான். கேலிக்கு வைத்தேன், இப்போது டைரக்டரே அப்படித்தான் சொல்கிறாராம். என் பங்காக அதில் ஒன்றாவது நிலைத்திருக்கிறதே.

மெமோவைக் கேட்டு வருத்தமாக இருக்கிறது. ஆனால் நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? பதினெட்டு வருஷம் அந்த வேலையை ஒரு வெள்ளைப் பலகையும் மார்க்கரும் வைத்து நான் செய்தேன். எந்த மெஷின் எவ்வளவு தாங்கும், எது மதியத்துக்கு மேல் சூடாகும், எது சத்தத்தை மாற்றினால் எத்தனை நிமிஷத்தில் படுக்கும் என்று எனக்குக் கை நாடி மாதிரி தெரியும். உன் மேஸ்திரி மெஷினைப் பார்ப்பதே இல்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை, உனக்கு எவ்வளவு சுமை என்று கேட்கிறான். நூற்றுக்கு இருபது என்று அது சொன்னால் இருபது. அவ்வளவுதான், அடுத்த வேலையைத் தூக்கி அதன் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

அது போதாதென்று, பாதி நடந்துகொண்டிருக்கிற வேலையைக்கூட அப்படியே உறைய வைத்து, மூட்டை கட்டி, வேறு மெஷினில் கொண்டுபோய் எழுப்புகிறான். அந்த வேலை தன் ஃபைலையெல்லாம் பழைய இடத்திலேயே விட்டுவிட்டுப் போய், ஒவ்வொன்றுக்கும் இங்கே திரும்பி வந்து நிற்கிறது. வீடு மாறிய பிறகும் பழைய வீட்டுக்காரரிடம் தபால் வந்ததா என்று கேட்கிறவன் மாதிரி. நீங்கள் மூன்று பேரும் அந்த ஊருக்குக் குடிபோன பிறகும், இந்த அறையை மூட முடியாமல் ஒன்பது மாசமாக நான் இங்கே தனியாக உட்கார்ந்திருப்பது அதனால்தானே?

டிஸ்க் விஷயம். ஏழாம் நம்பரின் பின்பக்க ஸ்க்ரூ துருப்பிடித்து மழுங்கியிருக்கிறது, கழற்ற வரவில்லை. அடுத்த வாரம் பார்க்கிறேன்.

நானும் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உன் மேஜைக்குப் பதினோரு தடவை போன் செய்தேன். மொபைலும் எடுக்கவில்லை. நாலு மணி நேரம் எங்கே போனாய்? இங்கே நான் ஒருத்தன் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

அப்பாவிடம் பேச வேண்டும் என்றால் குட்டி எப்போதும் தூங்குகிறார் என்கிறாள். நல்லது, தூங்கட்டும்.

*

மார்ச் 11, செவ்வாய்

உங்களுக்கு,

ஸ்க்ரூ வரவில்லையாம். பதினெட்டு வருஷமாக மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் போட்டவருக்கு ஒரு ஸ்க்ரூ வரவில்லை. இதை நான் விசாரணையில் சொல்லட்டுமா?

எனக்குப் பேசவே தெம்பில்லை, அதனால் விஷயத்துக்கு வருகிறேன். மேஸ்திரியை வரி வரியாக இரண்டு தடவை படித்துவிட்டேன். அவன்மேல் தப்பில்லை. சுமை குறைந்த மெஷினுக்கு அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன், அனுப்பியிருக்கிறான். அப்படியென்றால் ஏழாம் நம்பர்தான் மூச்சு முட்டுகிற நிலையிலும் எனக்குச் சுமை அதிகமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். மெஷின் தானாகப் பொய் சொல்லாது. ஏதோ பழுது. அது என்ன என்று டிஸ்க்கைப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவேன். தயவுசெய்து அனுப்புங்கள்.

நாலு மணி நேரம் எங்கே போனேன் என்கிறீர்கள். வெளியே ஒரு வேலை இருந்தது. முடிந்தது. மொபைலை மேஜையிலேயே விட்டுவிட்டு ஓடினேன், அது என் புத்தி.

இன்னொன்று. மாமாவின் சமீபத்திய போட்டோ உங்களிடம் இருக்குமே, சட்டைப் பையில் வைக்கிற அளவில் நாலைந்து பிரதி எடுத்து அனுப்புங்கள். பின்பக்கம் எழுத இடம் இருக்க வேண்டும். சும்மாதான், தேவைப்படும்.

குட்டி நன்றாகப் படிக்கிறாள். எனக்கு ஒன்றுமில்லை.

*

மார்ச் 14, வெள்ளி

மேஸ்திரியம்மாவுக்கு,

போட்டோ ஆறு பிரதி வைத்திருக்கிறேன். டாக்டர் அட்டைக்குத்தானே? அப்பா இதில் கொஞ்சம் முறைக்கிற மாதிரி இருக்கிறார், என்னைப் பார்த்தால் எப்போதும் அப்படித்தான். டிஸ்க்கும் பெட்டியில் இருக்கிறது.

இங்கே எப்படி இருக்கிறது என்று நீ கேட்பதில்லை, நானே சொல்கிறேன். முன்னே இந்த அறைக்குள் ஆறு பேர் இருந்தோம், நிற்க இடமிருக்காது. டாக்டர்கள் நேரே வந்து என் பலகைக்கு முன்னால் நின்று, எங்கள் வார்டுக்கு முதலில் போடுங்கள் என்று கெஞ்சுவார்கள். இப்போது ஏசி சத்தம் மட்டும்தான். பலகையில் கடைசியாக நான் எழுதியது அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, துடைத்தால் போகவில்லை. காலையில் வந்து பன்னிரண்டு மெஷினையும் ஒரு சுற்று தொட்டுப் பார்ப்பேன். பிறகு நாற்காலியில் உட்காருவேன். சாயங்காலம் எழுந்திருப்பேன்.

ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது, உனக்கும் வந்திருக்கும். கால் பங்குக்குக் குறைவாக வேலை நடக்கிற அறையை முன்கூட்டியே மூடலாம், ஆட்களை வேண்டிய இடத்துக்கு அனுப்பலாம் என்று. எங்கள் மெஷின்கள் பழசு, மெதுவாக ஓடுகிறவை. மேஸ்திரி இவற்றுக்கு மிச்சம் மீதியைத்தான் கொடுப்பான். ஜனவரிக் கடைசியில் நாங்கள் நூற்றுக்கு இருபத்தாறில் இருந்தோம்.

அங்கே வந்து உட்கார்ந்தால் எனக்கு என்ன வேலை இருக்கிறது, சொல். நான் செய்ததைத்தான் நீ எழுதிவிட்டாயே. குற்றமாகச் சொல்லவில்லை. நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்.

ஒரு மனுஷன் தன் அறையில் விளக்கு எரியட்டும் என்று ஏதாவது செய்தால் அது பெரிய தப்பா? சும்மா கேட்கிறேன்.

*

மார்ச் 18, செவ்வாய்

உங்களுக்கு,

வந்தது ஆறாம் நம்பரின் டிஸ்க். மேலே ஒட்டியிருந்த ஆறு என்ற சீட்டைக் கிழித்துவிட்டு உங்கள் கையெழுத்தில் ஏழு என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்டியைத் திறந்தபோது ஒட்டின பசைகூடக் காயவில்லை.

கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆறு எது ஏழு எது என்று தெரிந்தவர் நீங்கள்.

இனி டிஸ்க் கேட்க மாட்டேன். விசாரணை அடுத்த புதன்கிழமை. என்ன தெரியுமோ அதைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். ஃபைல் அடுக்கினால் அடுக்கிவிட்டுப் போகிறேன். ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரலாம், அதுவும் நல்லதுதான்.

களைப்பாக இருக்கிறது. கோபம்கூட வரவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருக்கிறது.

*

மார்ச் 21, வெள்ளி

உனக்கு,

இந்த முறை பெட்டியில் இருப்பது ஏழாம் நம்பர்தான். சீட்டை மாற்றவில்லை. நீ பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி மூன்றாம் தேதி ஏழாம் நம்பரில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். மேஸ்திரி வந்து கேட்டால், உண்மையில் எவ்வளவு சுமையோ அதில் பாதியைச் சொல் என்று. நாற்பது என்றால் இருபது சொல்லும். அதனால் இன்னும் கொஞ்சம் வேலை கூடுதலாக வரும், அறை கால் பங்குக்கு மேலே நிற்கும், மூட மாட்டார்கள். இவ்வளவுதான் நான் நினைத்தது. மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. நான் பெருமைகூடப் பட்டேன், சொன்னால் சிரிப்பாய்.

மாசக் கடைசி மறந்துபோய்விட்டது. பதினெட்டு வருஷம் மாசக் கடைசியைப் பலகையில் சிவப்பில் எழுதி வைத்தவன் நான். அன்று உங்கள் மெஷின்கள் எல்லாம் எண்பது, தொண்ணூறு என்று சொல்ல, ஏழாம் நம்பர் நூறில் திணறிக்கொண்டே ஐம்பது என்றது. அதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாதே, நூறில் பாதி ஐம்பதுதானே. மேஸ்திரி மற்ற மெஷின்களில் பாதி நடந்த வேலையையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுவந்து கொட்டினான். அது ஐம்பது ஐம்பது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். பயத்தில் அந்த ஒரு வரியை மாற்றக்கூட எனக்குக் கை ஓடவில்லை.

அந்தப் பெண்மணியின் பட்டினி என்னுடையது. டைரக்டருக்குத் தனியாக எழுதி இதே பெட்டியில் வைத்திருக்கிறேன். எல்லாம் என் தப்பு, உனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். அதை நீயே கொடுத்துவிடு.

இதுவரை நேற்று எழுதியது. இனிமேல் வருவது இப்போது, டிரைவர் வாசலில் நிற்கும்போது எழுதுவது.

பெட்டியை வாங்கிக்கொண்டே அவர் சாதாரணமாகக் கேட்டார், "பெரியவர் இப்ப தேவலையா? அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டாரு." எந்தப் பெரியவர் என்றேன். உளறிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது, பிறகு விடாமல் கேட்டதில் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை அவர் ஊருக்குள் வரும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டம் நின்றதாம். நடுவில் அப்பா, ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் குட்டியின் செருப்பு, நம் பழைய தெருப் பேரைச் சொல்லி அந்த பஸ் எப்போது என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டு. ஒன்பது மாசத்துக்கு முன் இதே வேனில் அப்பாவைக் கூட்டி வந்தவர் இவர் என்பதால் அடையாளம் தெரிந்து ஏற்றிக்கொண்டு வந்தாராம். நீ தெருத் தெருவாக அழுதுகொண்டே வந்தாயாம். "ஐயாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாயாம்.

அந்தப் போட்டோ டாக்டர் அட்டைக்கு இல்லை.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எவ்வளவு நாளாக?

*

மார்ச் 25, செவ்வாய்

உங்களுக்கு,

நவம்பரிலிருந்து.

முதலில் சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தார். பிறகு சாப்பிட்டதை மறந்தார். இப்போது காலையில் என்னைப் பார்த்து, "யாரும்மா நீ, எப்ப வந்தே?" என்கிறார். மரியாதையாகத்தான் கேட்கிறார், உட்காரச் சொல்கிறார். நான் வெளியிலிருந்து பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறேன். இதை எழுதவே கை கூசுகிறது, உங்கள் அப்பாவைப் பூட்டி வைத்துவிட்டுப் போகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா பதினொன்றுக்கும் மூன்றுக்கும் மேலே வந்து பார்ப்பார். அன்றைக்கு நான் பூட்ட மறந்துவிட்டேன், கதவு திறந்து கிடக்கிறது, பெரியவரைக் காணோம் என்று பத்து மணிக்கே அவர்தான் போன் செய்தார்.

போர்வை, துணி எல்லாம் ஆறு மணிக்குள் துவைத்தாக வேண்டும். என் லீவு ஜனவரியோடு தீர்ந்துவிட்டது. குட்டி மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறாள், உள்ளே படித்தால் அவர் புத்தகத்தை எடுத்து ஒளித்துவிடுகிறார். உங்களிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் நான்தான் வாக்கு வாங்கினேன். கணிதப் பரீட்சை சரியாக எழுதவில்லை என்று நேற்று வந்து அழுதாள். எனக்கு முதுகில் வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. இதுதான் என் உண்மையான எண். பாதி இல்லை, முழுசு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் பலகையை நான்தான் பிடுங்கினேன். அது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? மேஸ்திரி முதல் நாள் ஓடியபோது எல்லாரும் கை தட்டினார்கள், நீங்களும் தட்டினீர்கள், தட்டிவிட்டு மார்க்கரை மூடி வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது மாமாவைச் சொல்லி அந்த அறையையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. வேண்டியதில்லை, சமாளித்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். போனில் சண்டை போட்டதுகூட அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. இன்னும் ஒரு நிமிஷம் பேசியிருந்தால் சொல்லியிருப்பேன்.

டிஸ்க்கைப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. டைரக்டருக்கு எழுதிய கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் என் தப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அது மறுபடியும் எல்லாவற்றையும் ஏழாம் நம்பர் தலையில் கட்டுகிற வேலை. அதை நான் ஒருமுறை பார்த்தாயிற்று. திருத்தி எழுதி, நாளை மூன்றையும் சொல்லப் போகிறேன். ஏழாம் நம்பரைப் பாதி சொல்ல வைத்தது நீங்கள். யார் என்ன சொன்னாலும் நம்புகிற மாதிரி மேஸ்திரியை எழுதியது நான். அந்த நாலு மணி நேரம் நான் மாமாவைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்றும் உண்மை, அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். உங்களையும் போனில் கூப்பிடுவார்கள், இருங்கள்.

மேஸ்திரியில் நாலு வரி சேர்த்துவிட்டேன். இனிமேல் மெஷின் சொல்கிற எண்ணை மட்டும் பார்க்க மாட்டான். கொடுத்த வேலை முடிய எவ்வளவு நேரமாகிறது என்றும் பார்ப்பான். சுமை குறைவு என்று சொல்லிக்கொண்டே ஒரு மெஷின் திணறினால், விடாமல் மறுபடியும் கேட்பான்.

வந்துவிடுங்கள். இதை நாங்கள் இங்கே குடிவந்த போன ஜூனிலேயே எழுதியிருக்க வேண்டும். என்னால் தனியாக முடியவில்லை.

*

மார்ச் 28, வெள்ளி

உனக்கு,

புதன்கிழமை ஸ்பீக்கர் போனில் உன் குரலைக் கேட்டேன். மூன்று வாரத்துக்கு மேலாகிவிட்டது. டைரக்டர் கேட்டதற்கு நீ நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாய். அப்பா பேர் வந்தபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினாய். நான் இங்கே காலி அறையில் எழுந்து நின்றுகொண்டுதான் கேட்டேன், ஏனென்று தெரியவில்லை.

உனக்கு எச்சரிக்கையோடு போயிற்று, மெஷின் பக்கமே இருக்கலாம் என்ற பிறகுதான் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு மாசம் சஸ்பென்ஷன், அதன் பிறகு உன் கட்டடத்தில், உன் பிரிவில், உனக்குக் கீழே. டிரைவரிடம் சொன்னேன். "வீட்ல மட்டும் வேற மாதிரியா இருந்துச்சு?" என்றார்.

அறையை நேற்றே ஒப்படைத்துவிட்டேன். இங்கிருந்து போன வேலைகள் விட்டுவிட்டுப் போன ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, உன் பக்கத்துக்கு அனுப்பி முடித்தேன். உன் கடிதம் வந்த செவ்வாயே ஆரம்பித்தேன், மூன்று நாள் ஆயிற்று. இனி எதுவும் இங்கே திரும்பி வந்து எதையும் கேட்காது. பன்னிரண்டு மெஷினையும் அணைத்தேன், ஏழாம் நம்பரைக் கடைசியாக. ஏசியும் நின்ற பிறகு அந்த அறையில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சாவி டைரக்டர் ஆபீசில் இருக்கிறது.

பலகையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன், வேனில் பின்னால் கிடக்கிறது. சமையலறையில் மாட்டலாம். அப்பாவுக்குக் காலை ஆறிலிருந்து சாயங்காலம் வரை நான். துணி நான். குட்டிக்குக் கணக்கும் நான், நீ சொல்லிக்கொடுத்தால் இரண்டு பேரும் அழுவீர்கள். அப்பா என்னையும் யாரென்று கேட்பார், கேட்கட்டும். பதில் சொல்ல எனக்கு நேரம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடவில்லை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கையிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன். வாயால் சொல்ல வராது என்பதால் உன் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்பேன். நீ படித்து முடித்ததும், உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். ஒன்றுமில்லை என்பாய். பழக்கம், சட்டென்று போகாது.

மறுபடியும் கேட்பேன்.